நரம்பில் அடிபட்டால்: எப்போது காத்திருக்கலாம், எப்போது கூடாது

பைக்கிலிருந்து விழுந்து மேற்கை எலும்பு முறிந்த ஒருவருக்கு மணிக்கட்டு தொங்கிவிடுகிறது. உடைந்த ஜன்னல் கண்ணாடி கிழித்து மணிக்கட்டில் தையல் போட்டுக்கொண்ட இன்னொருவருக்குச் சுண்டுவிரல் மரத்துக் கிடக்கிறது. இருவருக்கும் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் சொல்லப்படுவது ஒன்றுதான்: “நரம்புல அடி. மெதுவாத்தான் சரியாகும், பொறுத்துக்கோங்க.” முதல் ஆளுக்கு இது பெரும்பாலும் சரியான வார்த்தை. இரண்டாவது ஆளுக்கு இதே வார்த்தை கையைக் கெடுத்துவிடும். அவருடைய நரம்பு அறுந்திருந்தால் எத்தனை மாதம் பொறுத்தாலும் அது தானாக ஒட்டாது. பொறுத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அவருக்கு நஷ்டம்.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. நரம்புக்குள் என்ன இருக்கிறது, அடிபடும்போது அதில் எது சேதமாகிறது, சேதமானது எந்த வேகத்தில் வளர்கிறது என்பது தெரிந்தால் போதும்.

## எந்த நரம்பைப் பற்றிப் பேசுகிறோம்

பேச்சில் நாம் பலவற்றையும் நரம்பு என்கிறோம். காலில் நீலமாகப் புடைத்துச் சுருண்டு தெரிவது நரம்பல்ல, இரத்தக்குழாய். முழங்கையை மடக்கினால் உட்பக்கம் விறைத்துத் தெரிவதும், குதிகாலுக்கு மேலே கெட்டியாகத் தட்டுப்படுவதும் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள். கையில் வெட்டுப்பட்டு விரல் மடங்காமல் போனால் அறுந்தது தசைநாணா, நரம்பா, இரண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றுக்கும் சிகிச்சை வேறு, காலக்கெடு வேறு.

உண்மையான நரம்புகளிலும் இரண்டு பிரிவு உண்டு. மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம். அங்கிருந்து கிளம்பித் தசைகளுக்கும் தோலுக்கும் செல்பவை புற நரம்புகள். தண்டுவடத்திலிருந்து மட்டும் 31 ஜோடி நரம்புகள் புறப்படுகின்றன. பக்கவாதம் மூளையில் நேர்வது. இந்தக் கட்டுரை புற நரம்புகளைப் பற்றியது.

இரண்டையும் குழப்பிக்கொள்வது முகத்தில்தான் அதிகம் நடக்கிறது. வாய் ஒரு பக்கம் கோணினால் உடனே பக்கவாதம் என்று பயப்படுகிறோம். பக்கவாதத்தில் வழக்கமாக வாய் கோணினாலும் அந்தப் பக்கத்து நெற்றியைச் சுருக்க முடியும், கண்ணை மூட முடியும். முக நரம்பே பாதிக்கப்பட்டால் நெற்றி சுருங்காது, கண்ணும் சரியாக மூடாது. இந்த அடையாளத்தை வைத்து வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு இருந்துவிடக் கூடாது. திடீரென்று வாய் கோணினால் எதுவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

## நரம்புக்குள் என்ன இருக்கிறது

ஒரு நரம்பை வெட்டிக் குறுக்காகப் பார்த்தால், அது ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளின் கட்டு என்பது தெரியும். ஒவ்வொரு இழைக்கும் ஆக்சான் என்று பெயர். கட்டைவிரலை அசைக்கும் ஆக்சான் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் உள்ள ஒரு செல்லிலிருந்து கிளம்பி, எங்கும் முடிச்சில்லாமல் ஒரே இழையாகக் கை வரை வருகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லின் வால் ஏறக்குறைய முக்கால் மீட்டர் நீளம்! அந்த இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை அந்தச் செல்லிலேயே தயாராகி இழை வழியாக இறங்கி வருகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எல்லாம் எளிதாகப் புரியும்.

பல ஆக்சான்களைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புப் படலம் இருக்கிறது. நரம்பில் ஓடும் மின் சைகையை அது விரைவுபடுத்துகிறது. அந்தப் படலத்தைப் போர்த்துபவை ஷ்வான் செல்கள். இவை எல்லாவற்றையும் வெளியே பிடித்து நிற்பவை உறைகள்: ஒவ்வோர் ஆக்சானுக்கும் மெல்லிய குழாய், ஆக்சான்களின் ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு உறை, மொத்த நரம்புக்கும் ஒரு தடித்த உறை.

தோட்டத்து அவரைக்கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். கொடி ஆக்சான். அது பற்றி ஏறும் கொழுகொம்பு உறைகள். வேர் தண்டுவடத்திலோ அதன் அருகிலோ இருக்கும் செல். கொடியை நடுவில் வெட்டினால் வெட்டுக்கு மேலே உள்ள பகுதி காய்ந்துவிடும், ஏனென்றால் அதற்குச் சாறு வேரிலிருந்து வர வேண்டும். வேர் உயிரோடு இருப்பதால் வெட்டிய இடத்திலிருந்து புதிய துளிர் கிளம்பும். கொழுகொம்பு நின்றுகொண்டிருந்தால் துளிர் பழைய பாதையிலேயே ஏறும். கொழுகொம்பும் சாய்ந்துவிட்டால் தரையில் சுருண்டு பின்னிக்கொள்ளும்.

அறுந்த ஆக்சானின் தொலைப்பகுதி காய்ந்துபோகும் என்பதை 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்புகளை வெட்டிப் பார்த்துக் காட்டினார். அந்தச் சிதைவு இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. சிதைவு ஒரு துப்புரவு வேலையும்கூட. இரத்தத்திலிருந்து வரும் செல்கள் பழைய இழையின் மிச்சத்தையும் மயலினையும் சில வாரங்களில் அகற்ற, ஷ்வான் செல்கள் பெருகிக் காலியான குழாய்க்குள் வரிசையாக நின்று புதிய துளிருக்கு வழிகாட்டுகின்றன. மூளையிலும் தண்டுவடத்திலும் ஷ்வான் செல்கள் கிடையாது. புற நரம்பு வளர்வதும் தண்டுவடம் வளராததும் இப்படி வேறுபடுவதற்கு இது முக்கியக் காரணங்களில் ஒன்று.

## மூன்று வகைக் காயம்

இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டு வந்தவர்களுக்குச் சிகிச்சையளித்த பிரிட்டிஷ் அறுவை நிபுணர் ஹெர்பர்ட் செடன், 1943இல் நரம்புக் காயங்களை மூன்றாகப் பிரித்தார். 1951இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி சண்டர்லாண்ட் அதை ஐந்து படிகளாக விரித்தார். புதிதாகப் படிப்பவர்களுக்கு மூன்றே போதும்.

முதல் வகை: ஓட்டம் மட்டும் தடைபடுவது. கொடியும் அறவில்லை, கொழுகொம்பும் சாயவில்லை. அழுத்தத்தால் ஓரிடத்தில் மயலின் மட்டும் கெட்டிருக்கிறது. அந்த இடத்தைத் தாண்டிச் சைகை போகாது. வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்ததும் கால் மரத்துப்போவது இதன் மிக மெல்லிய வடிவம். அங்கே மயலின்கூடக் கெடுவதில்லை, நரம்புக்குப் போகும் இரத்தம் சற்று நேரம் தடைபடுகிறது, அவ்வளவுதான். மயலின் கெட்டுவிட்டால் அது மறுபடி போர்த்தப்படச் சில வாரங்கள் ஆகும். பெரும்பாலும் 12 வாரங்களுக்குள் முழுமையாகச் சரியாகிவிடும். அறுவை சிகிச்சை தேவையில்லை.

இரண்டாம் வகை: இழை அறுந்து உறை நிற்பது. கொடி அறுந்துவிட்டது, கொழுகொம்பு நிற்கிறது. பலமான நசுக்கலிலும் இழுவையிலும் எலும்பு முறிவிலும் இது நடக்கிறது. அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள இழை முழுதும் சிதைந்து, பிறகு மேலிருந்து வளர்ந்து வர வேண்டும். பாதை அப்படியே இருப்பதால் துளிர்கள் பெரும்பாலும் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். தூரத்தைப் பொறுத்து மாதக்கணக்கு ஆகும். உறைகளில் ஒரு பகுதி மட்டும் கிழிந்திருந்தால் உள்ளே தழும்பு விழுந்து, பாதி மீட்சியோடு நின்றுபோவதும் உண்டு. மருத்துவர்களுக்கு மிகவும் சிரமம் தருவது இந்த நடுத்தரக் காயம்தான், வெளியிலிருந்து பார்த்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்றாம் வகை: நரம்பே துண்டாவது. கொடியும் கொழுகொம்பும் சேர்ந்து அறுந்துவிட்டன. கண்ணாடி, அரிவாள், மெஷின் பிளேடு போன்றவை வெட்டும்போது இது நேரும். இரண்டு முனைகளும் பின்வாங்கி இடைவெளி விழுகிறது. மேல் முனையிலிருந்து துளிர்கள் கிளம்பத்தான் செய்யும். போக வழியில்லாமல் தழும்புக்குள் சுருண்டு ஒரு முண்டாகிவிடும். நியூரோமா எனப்படும் அந்த முண்டை லேசாகத் தொட்டாலே சுரீரென்று வலிக்கும். முனைகளைக் கண்டுபிடித்துச் சேர்த்துத் தைத்தால் ஒழிய இதற்கு மீட்சி இல்லை.

சுருக்கமாக, முதல் வகை தானாகச் சரியாகும். இரண்டாம் வகை தானாக வளரும், ஆனால் கண்காணிப்பு வேண்டும். மூன்றாம் வகை தானாகச் சேரவே சேராது. சிக்கல் என்னவென்றால், முதல் நாளன்று மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்: அதே மதமதப்பு, அதே செயலிழப்பு. வகையைச் சொல்வது பெரும்பாலும் காயம் நேர்ந்த விதமும் அடுத்து வரும் வாரங்களும்தான்.

## எப்படி அடிபடுகிறது

நரம்பு எலும்பை ஒட்டி ஓடும் இடத்திலும் தோலுக்கு மிக அருகே வரும் இடத்திலும்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறது. முழங்கையின் உட்புறத்தில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ‘ஷாக்’ அடிப்பது அல்நர் நரம்பு அங்கே எலும்புப் பள்ளத்தில் பாதுகாப்பின்றிக் கிடப்பதால்.

அழுத்தம். மதுபோதையிலோ மயக்க மருந்திலோ நாற்காலியின் முதுகில் கையைப் போட்டபடி மணிக்கணக்கில் தூங்கினால், மேற்கை எலும்பைச் சுற்றி வரும் ரேடியல் நரம்பு நசுங்கி, காலையில் மணிக்கட்டு தொங்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறம் தட்டுப்படும் எலும்புக் குமிழின் கழுத்தைச் சுற்றி ஓடுவது பெரோனியல் நரம்பு. வெகுநேரம் குத்துக்காலிட்டு வேலை செய்வதும், கால்மேல் கால் போட்டே உட்காருவதும், அந்த இடத்தில் மாவுக்கட்டு அழுத்துவதும் அதை நசுக்கிப் பாதத்தைத் தொங்கவைக்கும். மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கத்திலுள்ள குறுகிய வழியான மணிக்கட்டுச் சுரங்கத்தில் மீடியன் நரம்பு அழுந்தினால் இரவில் கை மதமதத்துத் தூக்கம் கலையும், உதறினால் சற்றுத் தேவலாம் போலிருக்கும். சுண்டுவிரல் மட்டும் மரத்துப்போகாது. கர்ப்பம், தைராய்டு குறைவு, சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இது அதிகம்.

இங்கே அவசரமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்ட பிறகு வலி குறைய வேண்டும். அதற்குப் பதிலாக வலி ஏறிக்கொண்டே போய், விரல்களை வேறொருவர் மெல்ல நிமிர்த்தினாலே உயிர்போகும் வலி எடுத்தால், கட்டுக்குள் வீக்கம் இரத்த ஓட்டத்தை அடைத்திருக்கக்கூடும். மருத்துவமனைக் கட்டானாலும் நாட்டு வைத்தியக் கட்டானாலும் இது பொருந்தும். ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் அழுத்தம் விடுபடாவிட்டால் தசையும் நரம்பும் நிரந்தரமாகச் சாகத் தொடங்கும். இரவானாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது.

வெட்டு. கண்ணாடியும் உடைந்த வாஷ்பேசினும் ஏமாற்றுபவை. தோலில் ஒன்றரை சென்டிமீட்டர் கிழிசல்தான் தெரியும், உள்ளே எலும்பு வரை போயிருக்கும். இரத்தம் நின்று தையலும் போட்டாயிற்று என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு, மரத்துப்போனதை இரண்டு வாரம் கழித்துக் கவனிப்பவர்கள் அதிகம். மரத்துப்போக ஊசி போட்ட பிறகு உணர்ச்சியைச் சோதிக்கவே முடியாது. அதனால் தையலுக்கு முன்பே “விரல் நுனி தெரியலை” என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

இழுவை. கழுத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் இறங்கித் தோளுக்குப் பின்னிப்போகும் தொகுதிக்கு பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்று பெயர். பைக்கிலிருந்து தூக்கி எறியப்படுபவரின் தோள் தரையில் மோதித் தலை எதிர்ப்பக்கம் வளைந்தால், கழுத்துக்கும் தோளுக்கும் இடையே இந்தத் தொகுதி இழுபடுகிறது. மிகக் கொடிய நிலையில் வேர்கள் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்படுகின்றன. வேரோடு பிடுங்கிய கொடிக்குத் துளிர் கிடையாது. ஹெல்மெட் மூளையைக் காக்கும், இந்தத் தொகுதியைக் காக்காது. வேகத்தைக் குறைப்பதைத் தவிர இதற்குத் தடுப்பு எதுவும் இல்லை. பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும்போதும் இதே தொகுதி இழுபடலாம். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகச் சரியாகும். மூன்று மாதமாகியும் முழங்கை மடங்கவில்லையென்றால் இதற்கான நிபுணரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஊசி. பிட்டத்தில் தவறான இடத்தில் ஊசி போட்டால், பிட்டம் வழியாகக் காலுக்கு இறங்கும் சயாடிக் நரம்பில் மருந்து இறங்கக்கூடும். சேதம் பெரும்பாலும் ஊசி முனையால் வருவதில்லை, மருந்தின் ரசாயனத்தால் வருகிறது. ஊசி உள்ளே போகும்போதே கால் முழுக்க மின்னல் மாதிரி இறங்கினால் உடனே சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். பிட்டத்தில் போடுவதென்றால் மேல்-வெளிக் கால்பாகம்தான் இடம். கைக்குழந்தைகளுக்குத் தொடையின் முன்-வெளிப்பக்கமே பாதுகாப்பு.

நோய். தொழுநோய்க் கிருமி ஷ்வான் செல்லுக்குள்ளேயே குடியேறும், உடலின் குளிர்ச்சியான, தோலுக்கு அருகிலுள்ள நரம்புகளை விரும்பும். முழங்கைக்கு மேலே அல்நர் நரம்பு தடித்துத் தட்டுப்படுவதும், தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய படை இருப்பதும் அதன் அடையாளங்கள். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். சீக்கிரம் தொடங்கினால் கை கால் கோணுவதைத் தடுக்கலாம். சர்க்கரை நோயின் எரிச்சல் வேறு வகை. அது இரு பாதங்களிலும் ஒரே மாதிரி தொடங்கி மேலேறும். ஓரிடத்துக் காயமல்ல, ஆனால் ஏற்கெனவே நலிந்த நரம்பு சிறிய அழுத்தத்துக்கும் தாங்காது.

## அடிபட்டது எந்த நரம்பு, என்ன நின்றுபோகிறது

ஒரு புற நரம்பில் பெரும்பாலும் மூன்று வேலைகள் கலந்திருக்கும்: தசையை இயக்குவது, தொடுதலையும் வலியையும் எடுத்துச் செல்வது, வியர்வையையும் இரத்தக்குழாய்களையும் கட்டுப்படுத்துவது. நரம்பு அறுந்தால் தசை செயலிழந்து சில வாரங்களில் மெலியத் தொடங்கும், தோல் மரத்துப்போகும், அந்தப் பகுதி வியர்க்காமல் வறண்டு வழுவழுப்பாகும். நான்காவதாக வலி. ஒன்றும் உணராத இடத்திலேயே எரிச்சல் எடுப்பது பலருக்குப் புதிராக இருக்கும். காயப்பட்ட முனை தானாகச் சைகைகளை அனுப்பிக்கொண்டிருப்பதால் அப்படித் தோன்றுகிறது. கற்பனையல்ல, நடிப்பும் அல்ல.

கையில் எந்த நரம்பு போயிருக்கிறது என்று பார்க்க, குழந்தைகள் விளையாடும் ‘ஸ்டோன், பேப்பர், சிசர்’ போதும். மருத்துவமனைகளிலும் குழந்தைகளை இப்படித்தான் சோதிக்கிறார்கள். விரல்களை மடக்கிக் கல் காட்ட மீடியன் நரம்பு வேண்டும். மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்திக் காகிதம் காட்ட ரேடியல் வேண்டும். இரண்டு விரல்களைக் கத்தரியாக விரிக்க அல்நர் வேண்டும். உணர்ச்சிக்கு மூன்றே இடம்: ஆள்காட்டி விரல் நுனி மீடியனுடையது, சுண்டுவிரல் நுனி அல்நருடையது, புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள தோல் ரேடியலுடையது. அடிபடாத கையோடு ஒப்பிட்டுத் தொட்டுப் பாருங்கள்.

பேசத் தெரியாத குழந்தையிடம் இன்னொரு சோதனை. சுமார் 40 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு கைகளையும் அரை மணி நேரம் வைத்தால், நல்ல விரல்களின் நுனித்தோல் சுருங்கும். நரம்பு அறுந்த விரல் சுருங்காது. தண்ணீர் ஊறுவதால் மட்டும் தோல் சுருங்குவதில்லை, நரம்பு இரத்தக்குழாய்களை இறுக்குவதால்தான் சுருங்குகிறது. மரத்த கை சூட்டை உணராது, ஆகவே தண்ணீரின் சூட்டைப் பெரியவர் தன் கையால் பார்த்த பிறகே செய்ய வேண்டும்.

## ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

இந்த விஷயத்தில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே எண் இதுதான். அறுந்த ஆக்சான் வளரத் தொடங்க ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும். பிறகு நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வீதம் வளரும், அதாவது மாதத்துக்கு 3 செ.மீ.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கட்டில் அறுந்த நரம்பு விரல் நுனி சேர 18 செ.மீ. போக வேண்டும்: ஆறு மாதம், தொடக்க மாதத்தையும் சேர்த்தால் ஏழு. முழங்கையில் அறுந்தால் கையின் சிறு தசைகளுக்கு 30 செ.மீ.: பதினொரு மாதம். கழுத்தருகே பிளெக்ஸஸில் அறுந்தால் கைக்கு 70 செ.மீ.: இரண்டு ஆண்டு.

அந்த இரண்டு ஆண்டில்தான் பிரச்சினை இருக்கிறது. நரம்பில்லாத தசை காத்திருக்காது. 12 முதல் 18 மாதங்களுக்குள் நரம்பு வந்து சேராவிட்டால், நரம்பும் தசையும் கூடும் இடம் அழிந்து தசை நாராகிவிடும். அதன் பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் இயக்க ஒன்றும் இருக்காது. தோலின் உணர்ச்சிக்கு இவ்வளவு கறாரான கெடு இல்லை, தாமதமாகத் தைத்தாலும் ஓரளவு திரும்பலாம். ஆகவே ஒரு நரம்பை ஆறு மாதம் தாமதமாகத் தைப்பது, தசைக்கு விட்டுவைத்த காலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தின்றுவிடுவதாகும். “இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்” என்று யார் சொன்னாலும், எதுவரை, எதைப் பார்த்து என்று கேட்பது உங்கள் உரிமை.

## ‘கரண்ட் வைத்துப் பார்ப்பது’ எப்போது

நரம்பு கடத்தல் பரிசோதனையில் நரம்பின் ஓரிடத்தில் சிறு மின்தூண்டல் கொடுத்து, அது இன்னோரிடத்துக்கு எவ்வளவு வேகத்தில், எவ்வளவு வலுவாக வருகிறது என்று அளக்கிறார்கள். இ.எம்.ஜி.யில் தசைக்குள் மெல்லிய ஊசி வைத்து அதன் மின்செயலைப் பார்க்கிறார்கள்.

அடிபட்ட மறுநாளே இதை எடுத்தால் பலர் ஏமாந்துபோவார்கள். நரம்பு முழுதாக அறுந்திருந்தாலும், அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள துண்டு சிதைந்து முடியும்வரை, ஒரு வாரம் பத்து நாள், மின்தூண்டலைக் கடத்திக்கொண்டே இருக்கும். ‘நார்மல்’ என்று அறிக்கை வந்துவிடும். இ.எம்.ஜி.யில் நரம்பிழந்த தசையின் அடையாளங்கள் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். எனவே மூடிய காயத்துக்கு மூன்று வாரம் கழித்து எடுப்பதே பயன் தரும். மூன்று வாரத்துக்குப் பிறகும் கீழ்த்துண்டு நன்றாகக் கடத்தி, காயத்தைத் தாண்டி மட்டும் கடத்தாவிட்டால் அது முதல் வகை.

செலவே இல்லாத சோதனையும் உண்டு. காயத்துக்குக் கீழிருந்து மேலாக நரம்பின் வழியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தால், வளரும் முனை இருக்கும் இடத்தில் மின்சாரம் பட்டது போன்ற குறுகுறுப்பு தோலுக்குள் ஓடும். 1915இல் இதை விவரித்த டினெல் பெயரால் இது வழங்குகிறது. அந்த இடம் மாதாமாதம் கீழே நகர்ந்தால் நரம்பு வளர்கிறது. மூன்று மாதமாக ஒரே இடத்தில் நின்றால் அங்கே அடைபட்டிருக்கிறது.

## சிகிச்சை

கூர்மையான வெட்டுக்குப் பிறகு நரம்பு வேலை செய்யாவிட்டால் அது அறுந்ததாகவே கொண்டு திறந்து பார்க்க வேண்டும். சில நாட்களுக்குள் தைத்தால் முனைகள் அதிகம் பின்வாங்கியிருக்காது. நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நூலால் உறையைச் சேர்க்கிறார்கள். தைப்பது உறையைத்தான், ஆக்சானை யாராலும் தைக்க முடியாது. கொழுகொம்பை நேர்ப்படுத்தித் தருவதோடு அறுவை நிபுணர் வேலை முடிகிறது, ஏறுவது கொடியின் வேலை. நசுங்கிக் கிழிந்த காயமென்றால் எதுவரை கெட்டது என்று தெரிய இரண்டு மூன்று வாரம் விட்டுத் தைப்பார்கள்.

மூடிய காயத்தில் காத்திருக்கலாம். மேற்கை எலும்பு முறிவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ரேடியல் நரம்பு செயலிழக்கிறது, பெரும்பாலோருக்குத் தானாகத் திரும்பிவிடுகிறது. மூன்று, நான்கு மாதத்தில் மணிக்கட்டு சிறிதும் அசையாமல், பரிசோதனையிலும் முன்னேற்றம் தெரியாவிட்டால் காத்திருப்பை நிறுத்த வேண்டும்.

முனைகளுக்கிடையே இடைவெளி அதிகமானால் இழுத்துத் தைக்கக் கூடாது, இழுவையில் இரத்த ஓட்டம் நின்று தையல் தழும்பாகிவிடும். கெண்டைக்காலின் பின்புறத்திலுள்ள சூரல் என்ற உணர்ச்சி நரம்பை எடுத்து இடையே பாலமாக வைப்பார்கள். பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போவதுதான் அதற்குக் கொடுக்கும் விலை. வேரே பிடுங்கப்பட்டிருந்தால், பக்கத்தில் நன்றாக வேலை செய்யும் நரம்பின் ஒரு கிளையைத் திருப்பி, செயலிழந்த தசையின் அருகிலேயே இணைக்கிறார்கள். தூரம் குறைவதால் தசை நாராவதற்குள் நரம்பு போய்ச் சேர்ந்துவிடும்.

காலம் கடந்துவிட்டாலும் வழி அடைபடுவதில்லை. வேலை செய்யும் ஒரு தசையின் நாணை இடம்மாற்றி, இழந்த வேலையைக் கொடுக்கலாம். 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் கொக்கியாக வளைந்த கைகளுக்கு இந்தத் தசைநாண் மாற்றத்தைச் செய்து, அந்தக் கைகளை மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாத கையில் திரும்பத் திரும்பக் காயம் பட்டுத்தான் குறைந்துபோகின்றன என்று எடுத்துக்காட்டியவரும் அவரே. நரம்பு போன எந்தக் கைக்கும் காலுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. பி12 குறைவால் வரும் நரம்புக் கோளாறுக்கு பி12 அவசியம். அறுந்த நரம்பை எந்த வைட்டமினும் ஒட்டவைக்காது. எரிச்சலுக்குத் தரும் மருந்துகள் வலியைக் குறைக்கும், நரம்பை வளர்க்காது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பதையே சிகிச்சை நடப்பதாக எண்ணி எட்டு மாதத்தைக் கடத்திவிடுவது மிகவும் வருத்தமான, மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

## நரம்பு வளரும் மாதங்களில் வீட்டில்

நரம்பு வந்து சேரும்போது மூட்டு இறுகிப்போயிருந்தால் பயனில்லை. தையலுக்குப் பின் முதல் மூன்று வாரம் ஓய்வு. பிறகு பிசியோதெரபிஸ்ட் காட்டியபடி, அசையாத ஒவ்வொரு மூட்டையும் மறுகையால் முழு அளவுக்கு மடக்கி நிமிர்த்த வேண்டும், தினமும் பல முறை. மணிக்கட்டு தொங்கினால் அதை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்பிளின்ட், பாதம் தொங்கினால் செருப்புக்குள் வைக்கும் பிளாஸ்டிக் தாங்கி. தாங்கி இல்லாமல் நடந்தால் குதிகால் நாண் சுருங்கி, நரம்பு திரும்பிய பிறகும் பாதம் மேலே வராது.

மரத்த விரலால் டீ டம்ளரையும் குக்கர் மூடியையும் தொடாதீர்கள். மரத்துப்போன பாதத்துக்கு ஒத்தடம், வெந்நீர்ப் பை எதுவும் வேண்டாம். இரவில் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள், கண்தான் இப்போது வலியின் வேலையைச் செய்ய வேண்டும். வியர்க்காத தோல் வெடிக்கும், குளித்ததும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள்.

திரும்பும் உணர்ச்சி முதலில் சரியாக இருக்காது. ஆள்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலைத் தொட்டதுபோலத் தெரியும், ஏனென்றால் துளிர்களில் சில வேறு குழாய்க்குள் புகுந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சாவி, நாணயம், பொத்தான், பயறு என்று தடவிச் சொல்லிப் பழகினால் மூளை புதிய தொடர்பைக் கற்றுக்கொள்ளும். குளிரில் விரல் வலிப்பது ஒன்றிரண்டு ஆண்டு நீடிக்கலாம். மாதங்களாக மரத்துக் கிடந்த இடத்தில் திடீரென்று ஊசி குத்துவதுபோலவும் எறும்பு ஊர்வதுபோலவும் இருக்கும். அது நோய் முற்றுவதாகப் பயந்து பயிற்சியை நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது ஆக்சான்கள் தோலை வந்தடைவதன் அறிகுறி. பயிற்சியைத் தொடருங்கள், அடுத்த முறை போகும்போது அது தொடங்கிய தேதியையும் இடத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.